சூலூரும் இரவு விளக்கும்

1942-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவு சூலூர் விமான நிலையத்தில் தீ எழுந்தது. அந்நிய சர்க்கார் யுத்தத்தின் பொருட்டு அமைத்து வந்த நிலையம் அது. “வெள்ளையனே, வெளியேறு” என்று கிளம்பிய கொங்கு நாட்டு வாலிபர்கள் அதற்குத் தீயிட்டார்கள். அதன் பிறகு சுற்றுக் கிராமங்கள் பட்ட பாட்டையும், சிறை சென்றவர்களின் வரலாற்றையும் கோயமுத்தூர் ஜில்லா இன்னும் மறந்துவிடவில்லை. இன்று அந்த நிலையம் நம்முடையது. இந்தத் தேசத்திலேயே சித்தரித்துச் செய்த தேஜஸ் விமானங்களுடன் விமானப் படையின் பதினெட்டாவது அணி 2020 மே 27-ந் தேதி அங்கே பணி தொடங்கியது. 2024 ஆகஸ்டில் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் முதலிய தேசங்களின் விமானங்கள் அங்கு வந்து நம் விமானங்களோடு பயிற்சி செய்தன. ஆகவே இரவு நேரத்தில் சூலூர் வானத்தில் தெரியும் வெளிச்சம் யாருடையது என்று கேட்கும் உரிமையும் கடமையும் இப்போது நமக்கே ஏற்பட்டிருக்கிறது.

வெளிச்சம் என்று நாம் குறிப்பிடுவது டிரோனில் கட்டிய தேடுவிளக்கை. டிரோன் என்னும் ஆளில்லாச் சிறு விமானத்தை நேயர்கள் கல்யாண வீடுகளிலும் தேர்த் திருவிழாக்களிலும் பார்த்திருப்பார்கள். பகலில் அது படம் பிடிக்கிறது. வயலுக்கு மருந்து தெளிக்கிறது. இரவில் பறக்கவிட விரும்புவோர் அதன் அடியில் சிறு விளக்கு ஒன்றைப் பொருத்திக்கொள்கிறார்கள். அது கடையில் விலைக்குக் கிடைக்கும் சாமான்தான். இதை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிடுவது பிசகு. நொய்யலில் வெள்ளம் புரளும் இரவில் கரையில் சிக்கியவனைத் தேடவும், பஞ்சுக் கிடங்கு பற்றி எரியும்போது கூரையின் நிலையை அறியவும், மலையடிவாரத் தோட்டத்தில் யானை நிற்கும் இடத்துக்கு ஆளை அனுப்பாமல் பார்க்கவும் இது உதவக்கூடியது. மதுக்கரைப் பக்கம் ரயில் பாதையில் 2024 பிப்ரவரி முதல் 12 கோபுரங்களில் அமைத்த காமிராக்கள் 7 கிலோமீட்டர் தூரத்துக்கு யானைகளின் நடமாட்டத்தைக் கவனித்து வருகின்றன. உடலின் உஷ்ணத்தைக் கொண்டு இருட்டில் காணும் இத்தகைய காமிராக்களை டிரோனில் ஏற்றியும் வன இலாகா உபயோகித்திருக்கிறது. அவற்றுக்கு வெளிச்சம் தேவையில்லை. ஆனால் அகப்பட்டது மனிதனா, கன்றுக்குட்டியா, அவனுக்குப் பக்கத்தில் கிணறு இருக்கிறதா என்று நம் கண்ணால் பார்த்துத் தெளிய விளக்கு வேண்டியே இருக்கிறது.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்லுகிறது? 2018 டிசம்பரில் அமுலுக்கு வந்த முதல் ஒழுங்குமுறைப்படி டிரோனைப் பகலில் மட்டுமே பொதுவாகப் பறக்கவிடலாம். மற்ற விமானங்கள் மோதாதபடி எச்சரிக்கும் மின்னும் விளக்கும் அதில் இருக்கவேண்டும். 2021 ஆகஸ்டு 25-ந் தேதி வெளியான புதிய விதிகள் பல பாரங்களைக் குறைத்தன. கட்டணங்கள் குறைந்தன, படிவங்கள் குறைந்தன, வானம் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. பச்சையில் 400 அடி வரை தடையில்லை. சிவப்பில் மத்திய சர்க்காரின் அனுமதி இன்றிப் பறக்கக்கூடாது. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இவை நல்ல மாறுதல்களே. ஆனால் டிரோனுக்குப் பின்னால் கட்டாயமாக்கப்படலாம் என்று அவ்விதிகள் பெயர் சொல்லிக் குறிக்கும் பாதுகாப்பு ஏற்பாடுகள் மூன்று: அனுமதியின்றி எழும்பாமை, இருப்பிடத்தை அறிவிக்கும் கருவி, எல்லை தாண்டாமை. விளக்கு அந்த மூன்றில் இல்லை. பழைய விதியில் இருந்த ஒரு நல்ல வரி, வேண்டாத வரிகளோடு சேர்ந்து போய்விட்டது.

அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல், இரவில் பறக்கும் டிரோன் மூன்று மைல் தூரத்துக்குத் தெரியும் மின்னும் விளக்கைத் தாங்கியிருக்கவேண்டும். ஐரோப்பிய யூனியனில் 2022 ஜூலை முதல் பச்சை நிறத்தில் மின்னும் விளக்கு அவசியம். இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும். அந்தத் தேசங்கள் கட்டாயப்படுத்துவது பிறர் நம்மைக் காண்பதற்கான விளக்கை; தேடுவிளக்கோ நாம் பிறரைக் காண்பதற்கானது. முன்னது சிறியதாயிருந்தாலும் நாலா புறமும் தெரியும். பின்னது கீழ்நோக்கி ஒரே திசையில் பாய்வது. பக்கத்தில் வரும் விமானி அதைக் காணாமலே போகலாம், அல்லது டிரோன் சாய்ந்து திரும்பும் கணத்தில் அது அவன் கண்ணில் நேரே பட்டுக் கூசச் செய்யலாம். “பெரிய விளக்குத்தான் இருக்கிறதே, சின்ன விளக்கு எதற்கு?” என்று கேட்பவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

இனி உயரத்தின் கணக்கு. விளக்கு ஒன்று தரையில் தரும் வெளிச்சம், உயரம் இரட்டித்தால் கால்பங்காகக் குறையும். 30 மீட்டரில் பளிச்சென்று தெரிவது 120 மீட்டரில் பதினாறில் ஒரு பங்காக மங்கிவிடும். சட்டம் அனுமதிக்கும் 400 அடி என்பது சுமார் அந்த 120 மீட்டர்தான். ஆகவே உண்மையாகவே தேடுகிறவனுக்கு உயரே போவதில் லாபமில்லை. தென்னை மரத்துக்குச் சற்று மேலே நின்றால் அவன் காரியம் முடிந்தது. மறுபுறம், சாதாரணப் பயணி விமானம் இறங்கும் சரிவில் ஓடுபாதையின் முனைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னே அதே 400 அடியில் வருகிறது. அந்த இடம் சிவப்பு மண்டலம் என்பது வரைபடத்தை அறிந்தவனுக்குத் தெரியும். அறியாதவன்? சூலூருக்குச் சற்று மேற்கே பீளமேட்டில் பயணி விமான நிலையம் வேறு இருக்கிறது. ஹெலிகாப்டர்களுக்கோ இந்தச் சரிவுக் கணக்கே கிடையாது. அவை தாழ்வாகவே போகும். 2024 ஜூலை 30-ந் தேதி வயநாட்டில் மலை சரிந்தபோது உதவிக்குச் சூலூரிலிருந்து ஹெலிகாப்டர்கள் புறப்பட்டன. அத்தகைய ஒரு வேளையில் எவனோ ஒருவன் வேடிக்கைக்காகப் பறக்கவிட்ட டிரோன் குறுக்கே நின்றால் என்ன ஆகும்?

தாழப் பறப்பதிலும் அபாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். சிறு டிரோன்கள் பெரும்பாலானவற்றில் மோதாமல் தடுக்கும் கண்கள் இருட்டில் பயன்படா. விசைத்தறிக்கும் கிணற்று மோட்டாருக்கும் மின்சாரக் கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் சூலூர், பல்லடம் பிரதேசத்தில், பகலில் இடத்தைப் பார்த்துவைக்காமல் இரவில் டிரோனை எழுப்புவது மதியீனம்.

சத்துரு விளக்கேற்றிக்கொண்டு வருவானா என்று சிலர் கேட்பார்கள். வரமாட்டான். 2021 ஜூன் 27-ந் தேதி விடிவதற்கு முன் ஜம்மு விமானப் படை நிலையத்தின் மீது டிரோன்கள் குண்டு போட்டன. 2025 மே 8-ந் தேதி இரவு, பாகிஸ்தான் 300 முதல் 400 டிரோன்களை 36 இடங்களுக்கு ஏவியதாக நமது சர்க்கார் அறிவித்தது. இவர்களெல்லாம் விளக்கு விதிக்குப் பணிகிறவர்கள் அல்லர். ஆனால் அதுவே நமது வாதத்துக்குப் பலம். அந்தக் காலத்தில் இரவில் விளக்கில்லாமல் சைக்கிள் விட்டவனைப் போலீஸார் நிறுத்தினார்கள். விளக்கோடு போனவர்கள் அத்தனை பேரையும் நிறுத்திச் சோதிக்கவேண்டிய அவசியம் அதனால் இல்லாமற் போயிற்று. (அபராதத்துக்குப் பதில் காலணா வாங்கிக்கொண்ட கான்ஸ்டேபிள்களை இங்கே மறந்துவிடுவோம்.) யோக்கியர்கள் எல்லாரும் விளக்கோடும் பெயரோடும் பறந்தால், விளக்கின்றி வருவதைக் காவற்காரன் உடனே பிரித்தறியலாம். இன்று வன இலாகாவின் டிரோனும் கல்யாண டிரோனும் கள்ள டிரோனும் இருட்டில் அவனுக்கு ஒன்றுபோலவே தோன்றும்.

ஜம்மு சம்பவம் நடந்த இரண்டே மாதத்தில், பயந்து எல்லாவற்றையும் பூட்டிவிடாமல், சர்க்கார் விதிகளை இளக்கியது தைரியமான செய்கை. கோயமுத்தூரின் பட்டறைகளிலும் கலாசாலைகளிலும் இத்தொழிலில் முன்வரும் இளைஞர்களுக்கு அது தெம்பளித்தது. ராணுவத் தளவாட உற்பத்திக்கென 2019-ல் தொடங்கிய தமிழ்நாட்டுப் பாதையில் கோயமுத்தூரும் ஒரு கேந்திரம். இரவில் பறப்பதை அடியோடு தடுத்துவிட்டு இத்தொழிலை வளர்க்க இயலாது.

டிரோன்களுக்கெனத் தனி மசோதாவின் நகல் ஒன்றை மத்திய சர்க்கார் 2025 செப்டம்பரில் வெளியிட்டது. தண்டனைகளைக் கடுமையாக்கும் நகல் அது. எந்த உருவில் அது சட்டமானாலும், அதன் கீழ் வரும் விதிகளில் இரவுக்கென ஒரு பிரிவு இருக்கவேண்டும். மின்னும் விளக்கு எடை பாராமல் எல்லா டிரோனுக்கும் கட்டாயமாகட்டும். தேடுவிளக்கு தாங்கிய டிரோனுக்கு இரவில் 40 மீட்டருக்கு மேல் அனுமதி வேண்டாம். தீயணைப்பு, போலீஸ், வன இலாகாக்கள் சிவப்பு மண்டலத்துள் செல்ல நேர்ந்தால், டில்லிக்கு மனுப் போட்டு வெள்ளம் வடிந்த பிறகு விடை பெறும்படி இராமல், சூலூர் நிலைய அதிகாரியிடமே தொலைபேசியில் கேட்டு உத்தரவு பெற வழி செய்யவேண்டும். சிவப்பு மண்டலத்தின் எல்லையைத் தமிழில் எழுதிய பலகைகள் காங்கேயம்பாளையத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பஞ்சாயத்துக் கட்டடத்தின் வாசலில் நிற்கவேண்டும். இந்தக் கடைசிக் காரியத்துக்கு எந்த மசோதாவும் தேவையில்லை. கலெக்டர் உத்தரவிட்டால் போதும்.