தாயும் சேயும் செவிலியும்

பிள்ளை சுகமாய்ப் பிறந்துவிட்டால் குடும்பம் நிம்மதியடைவது இயல்பு. ஆனால் அதே நிம்மதி சர்க்காரையும் பற்றிக்கொள்ளுமாயின் அது ஆபத்தாகும்.

கிடைத்த வெற்றியை மறைத்துப் பேசுவது நமது வழக்கமன்று. 1939-ம் வருஷத்தில், ராஜாஜி பிரதம மந்திரியாயிருந்த காலத்தில், சென்னை மாகாணம் இந்தியாவுக்கே வழிகாட்டியாகப் பொதுச் சுகாதாரச் சட்டத்தை இயற்றிற்று. தாய் சேய் நலம் ஸ்தல ஸ்தாபனங்களின் கடமை என்பது அச்சட்டத்தில் இடம் பெற்றது. அன்று ஊன்றிய வித்து வீண் போகவில்லை. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளில் நிகழ்ந்தன. 2020-ல் உயிருடன் பிறந்த ஆயிரம் சிசுக்களில் ஒரு வயதுக்குள் மாண்டவை இங்கே 13. இந்தியா முழுமைக்கும் 28.

அதே கணக்கெடுப்பு வேறொரு செய்தியையும் சொல்லுகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள நமது குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட நால்வரில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. ஆறு மாதம் நிறையாத சிசுக்களில் தாய்ப்பால் மட்டும் உண்பவை நூற்றுக்கு 55-தான். இக்குறைகளுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் பரிகாரம் இல்லை. அடுப்பங்கரையிலும் தொட்டிலருகிலுமே உண்டு. அவ்விடம்வரை மருத்துவ அறிவோடு செல்லக்கூடியவர் கிராம சுகாதாரச் செவிலியரே.

அவருடைய பொறுப்பு இலேசானதா? சமவெளியில் 5,000 ஜனங்களுக்கும், மலைப்பிரதேசத்தில் 3,000 ஜனங்களுக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. கர்ப்பிணிகளைப் பதிவு செய்தல், குழந்தைகளை எடை பார்த்தல், புதன்கிழமைதோறும் தடுப்பூசி, பிரசவித்த வீடுகளுக்குச் செல்லுதல் யாவும் அவர் தலைமேல். பிற ராஜ்யங்களில் வீடு வீடாகச் செல்ல 'ஆஷா' ஊழியர்கள் உண்டு. தமிழ்நாட்டிலோ அவர்கள் பெரும்பாலும் மலைவாழ் மக்களிடையேதான் இருக்கின்றனர். இவ்வளவுக்கும் மேலாக, 2008-க்குப் பின் வந்த 'பிக்மி' என்னும் கணினிப் பதிவு வேறு. தொட்டிலருகே செலவாக வேண்டிய நேரம் பதிவேட்டின் முன்னும் கைபேசியின் முன்னும் கழிகிறது.

நாம் பதிவேட்டின் பகைவரல்லோம். சேலம், தருமபுரிப் பகுதிகளில் பெண் சிசுக்கள் கொல்லப்பட்ட கொடுமையின் அளவை 1990-களில் நாடறியச் செய்தவற்றுள் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளும் அடங்கும். அந்த ஏடுகளில் மெய்யை எழுதிய கைகளுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆயினும், எழுதப்பட்ட குழந்தையைப் பார்க்க நேரமில்லாமற் செய்யும் எழுத்து யாருக்குப் பிரயோஜனம்?

செவிலியர் எதிர்ப்படும் நிலைமையைச் சற்று நோக்குங்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீடு போகிறாள். கர்ப்ப காலத்தில் கவனித்த செவிலியர் ஓரூரில், சிசுவைக் கவனிக்க வேண்டியவர் வேறோரூரில். அங்கே அம்மாயி அன்பின் மிகுதியால் சங்கில் விளக்கெண்ணெயோ கழுதைப் பாலோ புகட்ட முனைகிறாள். அவளை இகழ்ந்து பேசினால் கதவு அடைபடும். பேசாதிருந்தால் சிசுவுக்குக் கேடு. அந்த மூதாட்டியின் மனம் நோகாமல் அவளையே துணையாக்கிக்கொள்வது பெரிய வித்தை. இவ்வித்தையை முதற்பயிற்சியிலேயே முடித்துவிட இயலுமா?

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளை நாடி பீகாரிலிருந்தும் ஒடிஸ்ஸாவிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களிலும் வட நாட்டார் வேலை செய்கின்றனர். தமிழறியாத தாய்க்குத் தமிழில் அச்சிட்ட அட்டையைக் கொடுத்து அனுப்புவதால் கடமை தீர்ந்துவிடாது. இந்த மண்ணின் ஆலைகளை ஓட்டும் கைகளில் வளரும் குழந்தை எம்மொழி பேசினாலும் அதன் நலம் நமது பொறுப்பேயாகும்.

ஆதலின் சர்க்காரிடம் நாம் கேட்பவை நான்கு. முதலாவது, கணினிப் பதிவுக்குத் தனி ஊழியரை நியமித்துச் செவிலியரின் நேரத்தை வீடுகளுக்கு மீட்டுத்தருக. இரண்டாவது, வருஷந்தோறும் குழந்தை வைத்தியரின் முன்னிலையில் சில நாள் மறுபயிற்சி அளித்து, தாய்மார்கள் உண்மையில் கேட்கும் கேள்விகளுக்கு விடைகூறும் கைப்புத்தகமொன்றைத் தெளிந்த தமிழில் வெளியிடுக. மூன்றாவது, பிற மொழியாளருக்கான படவிளக்க அட்டைகளும், பிழையற்ற தராசும், உயரம் அளக்கும் பலகையும் ஒவ்வொரு துணை நிலையத்திலும் இருக்கச் செய்க. நான்காவது, பெண் தாய் வீடு செல்லும்போது, இரண்டு ஊர்ச் செவிலியரும் நேரில் பேசிப் பொறுப்பை ஒப்படைக்கும் முறையை வகுத்திடுக. இவற்றுக்காகும் செலவு பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றுக்காகும் செலவுக்கு ஈடாகாது.

பொது ஜனங்களுக்கும் கடமையுண்டு. உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தின் கதவு திறந்திருக்கிறதா, உள்ளே தண்ணீர் உண்டா, மாலை மயங்கியபின் தனியே திரும்பும் செவிலியருக்குப் பாதுகாப்பு உண்டா என்று என்றாவது விசாரித்தீர்களா? காந்தி ஜயந்தியன்று கூடும் கிராம சபையில் சாலையையும் சாக்கடையையும் பற்றிப் பேசுகிறோம். வருகிற அக்டோபர் 2-ந் தேதி ஒவ்வொரு சபையிலும் ஒருவராவது எழுந்து, "இவ்வூர்க் குழந்தைகளில் எடை குறைந்தவர் எத்தனை பேர்? அவர்களைப் பார்க்கச் செவிலியருக்கு நேரம் இருக்கிறதா?" என்று கேட்கட்டும். ஆஸ்பத்திரியில் நாம் காப்பாற்றிய சிசுவை வீட்டில் வாடவிடுவோமாயின், முன் பெற்ற வெற்றி முழு வெற்றியாகாது.