எந்தத் தோட்டம், தம்பி?



ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் நுவரெலியா நகரின் முகமே மாறிவிடும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள இக்குளிர் நகருக்கு, வசந்த காலத்தைக் கழிக்க நாட்டின் எத்திசையிலிருந்தும் மக்கள் திரள்வர். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிறகறி வாவியில் படகுச் சவாரி என ஊர் களைகட்டும். உணவகங்களில் இருக்கை கிடைப்பதே அரிது.

பாஸ்கா காலத்தின் அத்தகைய ஒரு மாலையில், என் அத்தையை அங்குள்ள உணவகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர் அவர். மருத்துவமனைக்கும் சந்தைக்கும் மாத்திரமே நகருக்கு வந்து பழகியவர். மேசையில் அமர்ந்து, பிறர் பரிமாற உண்டது அன்றுதான் முதன்முறை. என்னைத் தூக்கி வளர்த்த அவர், நான் குருவான நாள் முதல் என்னைச் "சாமி" என்றே அழைப்பார்.

ஒரு கோப்பைத் தேநீரின் விலையைக் கேட்டறிந்ததும் சற்று நேரம் மௌனமாயிருந்தார். பின்னர், "ஒரு நாள் பேருக்கு இதுல எத்தனை கோப்பை சாமி வரும்?" என்று கேட்டுச் சிரித்தார். கொழுந்தின் நிறை குறைந்ததால் 'அரைப்பேர்' மட்டுமே பதியப்பட்ட நாட்கள் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

கொத்துரொட்டி பரிமாறிய இளைஞனிடம், "எந்தத் தோட்டம், தம்பி?" என்றார் அத்தை. "தோட்டமில்ல, டவுன்தான்" என்று முகம் பாராமல் பதிலளித்தான் அவன். "சரி தம்பி, சாப்பிட்டியா?" என்றார். "கடை மூடின பிறகுதான்" என்று கூறி விரைந்து சென்றான்.

நாங்கள் புறப்படுகையில், மீதி உணவைப் பொதி செய்து வாசல் வரை கொண்டுவந்தான். யாரும் அருகிலில்லை எனக் கண்டு, அற்றனுக்கு அருகிலுள்ள தோட்டம் ஒன்றின் பெயரைத் தாழ்ந்த குரலில் சொன்னான். "அம்மா இன்னமும் கொழுந்துக்குத்தான் போறாங்க." அத்தை அவன் தலையைத் தடவிக்கொடுத்தார்.

அவன்மீது எனக்குக் கோபமில்லை. குருமடத்தில் சேர்ந்த புதிதில் ஊர் எதுவெனக் கேட்டோரிடம், தோட்டத்தின் பெயரையும் லயத்தையும் விழுங்கிவிட்டு, "நுவரெலியா" என்று மட்டும் சொன்னவன் நான். அன்று மாலையும் வெளிச்சம் குறைந்த மூலை மேசையைத் தெரிந்தெடுத்தேனே, அது அத்தையின் வசதிக்காகவா, என் வசதிக்காகவா?

பேதுருவை நினைத்துக்கொண்டேன். தலைமைக் குருவின் முற்றத்தில் அவரது கலிலேயப் பேச்சே அவரைக் காட்டிக்கொடுத்தது என்கிறார் மத்தேயு. கரி நெருப்பருகே நின்று குளிர்காய்ந்தவாறே அவர் தம் ஆண்டவரை மறுதலித்தார். உயிர்த்த இயேசு அதே பேதுருவைத் தேடிச் சென்றது கலிலேயக் கடற்கரைக்கு. அங்கும் கரி நெருப்பு மூட்டியிருந்தது என யோவான் மறவாமல் குறிப்பிடுகிறார். அங்கே கண்டனம் எழவில்லை. காலை உணவு காத்திருந்தது. உண்ட பின்னரே, அன்பு பற்றிய கேள்வி எழுந்தது. அந்த இளைஞனிடம் அத்தை நடந்துகொண்ட முறையும் அதுவே. பொய்யைத் துருவாமல் பசியை விசாரித்தார்; உண்மை தானாகவே வெளிவந்தது.

'தோட்டக்காட்டான்' என்னும் ஏளனச் சொல்லின் வலி, கேட்டவர்க்கே தெரியும். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எம் முன்னோரை நாடற்றவராக்கியது. அவ்வநீதியின் எச்சத்தைத் துடைக்க 2003-இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவை எட்ட 2021 வரை போராட வேண்டியிருந்தது. உழைப்பாளியின் குடும்பம் கண்ணியமாய் வாழப் போதிய கூலி நீதியின் கடமை என்று திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-இலேயே போதித்திருந்தார். வெட்கப்பட வேண்டியவர்கள் கொழுந்து பறித்த கைகளை உடையவர்கள் அல்லர்.

பிள்ளைகள் முன்னேறப் பிறப்பிடத்தை மறைத்தால்தான் என்ன எனச் சில பெற்றோர் வினவலாம். தோட்டத்தை விட்டு வெளியேறுவதில் பிழையில்லை. நன்கு கற்று உயரட்டும். ஆனால், தாயின் கூடையை மறைத்து ஏறும் பிள்ளை, நாளை அத்தாயையே மறைக்க நேரிடும்.

செல்வர் முந்தி உண்ண வறியவர் பசித்திருந்த கொரிந்து சபையைப் புனித பவுல் கடிந்துகொண்டார். நற்கருணைப் பந்தியில் மூலை மேசை கிடையாது. அடுத்த முறை வெளியே உண்ணச் செல்கையில், பரிமாறுபவரின் பெயரைக் கேளுங்கள். உண்டாரா என்றும் கேளுங்கள். உங்கள் தோட்டத்தின் பெயரைப் பிள்ளைகள் முன்னிலையில் உரத்துச் சொல்லுங்கள்.

அடுத்த ஏப்ரலில் அத்தையுடன் நடு மேசையில் அமர எண்ணியிருக்கிறேன். ஆண்டவர் அவருக்கு நல்ல சுகமும் எனக்கு அத்துணிவும் தருவாராக.