கேடயத்துக்கும் எல்லை வேண்டும்

“கேடயம் தற்காப்புக்குத்தானே? அதற்கு எதற்கு உடன்படிக்கை?” திருச்சி கே.கே. நகரில் நம் பழைய மாணவர் ஒருவர் நம்மிடம் எழுப்பிய வினா இது. அப்துல் கலாம் அவர்கள் கல்லூரிக் கல்வி பயின்ற ஊர் நம்முடையது. ஏவுகணை என்றதும் நெஞ்சு நிமிர்வது இயல்பே. ஆயினும் பெருமிதம் சிந்தனைக்குத் திரையாகிவிடலாகாது.

1972 மே 26இல் நிக்ஸனும் பிரஷ்னேவும் மாஸ்கோவில் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். இரண்டு தளங்கள், தளத்துக்கு 100 எதிர்ப்புக் கணைகள். அதற்குமேல் இல்லை என்றனர். 1974இல் அதையும் ஒரே தளமாகச் சுருக்கினர். அணுகுண்டுகளைக் குவித்து வைத்திருந்தோர் கேடயத்துக்கு ஏன் அஞ்சினர்? கேடயம் பெற்றவன், திருப்பியடி விழாதென்று முந்தி வெட்டத் துணிவான்; மற்றவனோ கேடயத்தைப் பிளக்க வாள்களைப் பெருக்குவான். 2002 ஜூன் 13இல் அமெரிக்கா அவ்வுடன்படிக்கையை உதறியது. 2018இல் புதிய ஆயுதங்களை அறிவித்த புடின், அந்த உதறலையே காரணம் காட்டினார்.

நம் துணைக்கண்டத்தில் நடந்ததென்ன? பாய்ந்துவரும் ஏவுகணையை வானிலேயே தகர்க்கும் சோதனையை 2006 நவம்பரில் இந்தியா நடத்தியது. 2017 ஜனவரியில் பாகிஸ்தான், பல குண்டுகளைச் சுமக்கும் ஏவுகணையைச் சோதித்தது. வட்டாரத்தில் பெருகும் ஏவுகணைத் தடுப்பே காரணம் என்றது. அதற்கு வைத்த பெயரோ ‘அபாபீல்’! கூட்டங்கூட்டமாய் என்பது அச்சொல்லின் பொருள். கஃபாவைக் காத்த பறவைகளை நினைவூட்டும் சொல்லை நகரங்களை எரிக்கும் கருவிக்குச் சூட்டியதை எந்த நாவால் நியாயப்படுத்துவது? 2024 மார்ச்சில் இந்தியாவும் பல குண்டுகளைச் சுமக்கும் அக்னி-5ஐச் சோதித்தது. கேடயம் வாளை ஈன்றது. வாளுக்கு எதிரே வாள் நின்றது.

“2025 மே மாதப் போரில் வான்காப்பு உதவவில்லையா?” என்பர். விமானத்தையும் ஆளில்லா விமானத்தையும் தடுப்பதை நாம் மறுக்கவில்லை. 1972 உடன்படிக்கையும் மறுக்கவில்லை. அணுவாயுதம் ஏந்தும் நெடுந்தூர ஏவுகணைகளுக்கு எதிரான கேடயத்துக்கே எல்லை கேட்கிறோம்.

இது நடவாத காரியமா? அணுநிலையங்களைத் தாக்குவதில்லையென 1988 டிசம்பர் 31இல் இரு நாடுகளும் ஒப்பமிட்டன. 1992 முதல் ஜனவரி முதல் நாளில் அந்நிலையங்களின் பட்டியல்களைப் பரிமாறிக்கொள்கின்றன. ஏவுகணைச் சோதனைகளை முன்னறிவிக்கவும் 2005இல் இணங்கின. பகை நடுவிலும் வாக்குக் காக்கத் தெரிந்தவர்களுக்கு, கேடயங்களை எண்ணி வரையறுக்க மட்டும் தெரியாதா?

அரபியில் ‘அஹ்து’ என்னும் சொல் உடன்படிக்கையையும் வாக்குறுதியையும் குறிக்கும். இரும்புக் கேடயத்தைப் பிளக்க வழியுண்டு. காக்கப்படும் வாக்கே மக்களுக்கு மெய்யான கேடயம். அதைக் கேட்பதே தேசப்பற்று என்போம்.