பால்ராஜும் பெரியப்பாவின் டைனமோவும்

குறிகட்டுவான் துறையில நெடுந்தீவு வள்ளத்துக்குக் காத்துக்கொண்டு நிக்கேக்க ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. "உலகமே பாவிக்கும் 4ஜியைக் கண்டுபிடித்தவர் ஒரு தமிழர்! பெருமையோடு பகிருங்கள்!" கீழ ஒரு படம். படம் பாதிதான் இறங்கினது. வள்ளம் வெளிக்கிட்டாச்சு, மீதிப் பாதி வரவேயில்லை. தமிழன் கண்டுபிடிச்ச 4ஜி தமிழன்ர கடலில வேலை செய்யேல்லை எண்டு பக்கத்தில இருந்த ஐயா ஒருத்தருக்குச் சொன்னன். அவர் சிரிக்கேல்லை. அவருக்கு அலையைப் பாக்கிறதே பெரிய வேலையாக இருந்தது.

அந்தப் படத்தில இருந்தவர் ஆரோக்கியசாமி பால்ராஜ். செய்தி பாதி பிழை. 4ஜியைத் தனி ஆள் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அவர் கண்டுபிடித்தது, 4ஜி, 5ஜி, இப்போதைய வைஃபை எல்லாத்துக்கும் உள்ளே ஓடுகிற 'மைமோ' என்ற உத்தி. பாதி பிழையான செய்தியைவிட அவருடைய உண்மையான கதை கனக்க நல்லது. அதனாலதான் இந்தக் கட்டுரை.

1944 இல் பொள்ளாச்சியில் பிறந்தவர். 15 வயதில் இந்தியக் கடற்படைக்குப் போய்ச் சேர்ந்தார். லோனாவாலாவில் இருந்த கடற்படைப் பொறியியல் கல்லூரியில் படிப்பு. கெட்டிக்காரன் எண்டதால கடற்படை அவரை டெல்லி ஐ.ஐ.டிக்கு அனுப்பியது, அதுவும் முதுநிலைப் பட்டத்துக்குத்தான். அங்க பி.வி.இந்திரேசன் எண்ட பேராசிரியர் ஆளைப் பார்த்துவிட்டு, இவன் செய்யவேண்டியது முனைவர் ஆய்வு எண்டு முடிவெடுத்து அதுக்கு வழி பண்ணினார். 1973 இல் பட்டம் கிடைத்தது. இந்த இந்திரேசனை மனசில வச்சிருங்கோ, திரும்ப வருவன்.

இடையில 1971 டிசம்பர் 9 இரவு. தியூ கரைக்கு அப்பால் இந்தியப் போர்க்கப்பல் 'குக்ரி'யைப் பாகிஸ்தானின் 'ஹங்கோர்' நீர்மூழ்கி அடித்துத் தாட்டது. 190 பேருக்கு மேல் இறந்தார்கள். நீருக்கடியில் வருவதை ஒலியால் கண்டுபிடிக்கிற சோனார் கருவி சரியில்லை என்ற கவலை கடற்படையைப் பிடித்தது. பிரித்தானியாவில் வாங்கிய பழைய சோனாரைத் திருத்தித் தரும் வேலை பால்ராஜிடம் வந்தது. அதைச் செய்தார். பிறகு கொச்சியில் இருந்த கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1977 முதல் 1983 வரை இந்தியாவுக்கே சொந்தமான 'அப்சோ' சோனாரை ஒரு குழுவோடு கட்டினார்.

இந்த இடத்தில ஒரு சங்கடத்தைச் சொல்லாமல் போகேலாது. தீவாருக்குக் கடற்படை எண்ட சொல் வேற மாதிரித்தான் காதில விழும். 1985 மே 15 அன்று குமுதினி வள்ளத்தில நடந்ததைக் கேட்டு வளர்ந்த பிள்ளையள் நாங்கள். அது வேற நாட்டுக் கடற்படை, இது வேற எண்டு மூளைக்குத் தெரியும். ஆனாலும் சீருடை போட்ட அவருடைய பழைய படத்தைப் பார்க்கேக்க எனக்கு உடன பெருமை வரேல்லை. வரவேணும் எண்டும் நான் நினைக்கேல்லை. ஒரு மனுசன்ர மூளையை மதிக்க அவர் போட்ட உடுப்பையும் சேர்த்துக் கும்பிடத் தேவையில்லை.

1991 இல் கடற்படையை விட்டு விலகி அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். வயது 47. எங்கட ஊரில அந்த வயசில ஆக்கள் மகளின்ர கலியாணத்துக்குக் காசு சேர்ப்பினம். இவர் தன் துறையையே மாற்றினார். நீருக்கடி ஒலியிலிருந்து வானொலி அலைக்கு. அடுத்த வருசம், ஒரே அலைவரிசையில் வரும் பல சிக்னல்களைப் பிரித்தெடுக்கும் பரிசோதனை ஒன்றில், எதிர்பாராத ஒன்றைக் கண்டார். அலைகள் கண்ட கண்ட இடத்தில் பட்டுத் தெறித்து வரும்போது பிரிப்பது கஷ்டமாக வேண்டும். ஆனால் இன்னும் சுலபமானது.

இது ஏன் பெரிய விசயம் எண்டு விளங்க, ஒரு திருவிழாவை நினையுங்கோ. ஒரே சுருதியில இரண்டு ஒலிபெருக்கி, ஒண்டில தேவாரம், மற்றதில அறிவித்தல். தூர வெட்டைவெளியில நிண்டால் இரண்டும் ஒரே திசையால வந்து குழம்பும். மதிலும் மண்டபமும் உள்ள இடத்தில நிண்டால், ஒவ்வொரு சத்தமும் வேற வேற சுவரில் பட்டு, வலது காதுக்கு ஒரு கலவை, இடது காதுக்கு இன்னொரு கலவையாக வரும். கலவை இரண்டும் வித்தியாசமாக இருந்தால் கணக்குப் போட்டு இரண்டையும் பிரிக்கலாம். காதுக்குப் பதிலாக அன்ரனாவை வையுங்கோ. அனுப்பும் பக்கம் பல அன்ரனா, வாங்கும் பக்கம் பல அன்ரனா, ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பல மடங்கு தரவு. அதுதான் மைமோ. அதுவரை பொறியியலாளர்கள் எதிரொலியைத் தொல்லையாகப் பார்த்தார்கள். பால்ராஜ் அதையே மூலதனமாக்கினார்.

1992 இல் அவரும் தோமஸ் கைலாத்தும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1994 இல் கிடைத்தது. கனபேர் நம்பவில்லை. 1998 இல் ஒரு சிறு நிறுவனம் தொடங்கிச் செய்து காட்டினார், 2003 இல் அதை இன்டெல் வாங்கியது. அடுத்த நிறுவனத்தை 2010 இல் பிரோட்கொம் வாங்கியது. அந்த வருசமே பத்மபூஷண், 2011 இல் கிரகாம் பெல் பதக்கம், 2014 இல் மார்க்கோனி பரிசு. விருதுக் கதை இவ்வளவு போதும்.

இப்ப பெரியப்பா.

பெரியப்பா ஊர்காவற்றுறையில ரேடியோ திருத்துற சின்னக் கடை வச்சிருந்தவர். எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடம் விட்டவர். 1990 இல் தீவுச் சனத்தோட சனமாக இடம்பெயர்ந்து கோப்பாயில் ஒரு வீட்டு விறாந்தையில இருந்தார். கரண்ட் இல்லை, ரெலிபோன் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். அந்தக் காலத்தில யாழ்ப்பாணம் முழுக்கச் சைக்கிளைக் கவிட்டு வச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவால ரேடியோ கேட்டவை எண்டு உங்கட வீட்டிலயும் சொல்லியிருப்பினம். டைனமோ தாறது ஆடலோட்டம், ரேடியோ கேக்கிறது நேரோட்டம். மிதிக்கிற வேகம் கூடிக் குறைய ரேடியோ இரையும். பெரியப்பா செத்த ரேடியோக்களில இருந்து டயோட்டையும் கப்பாசிற்றரையும் கழட்டி, அந்த இரைச்சலை அடக்கிற சின்னப் பெட்டி ஒண்டு செய்தார். பின்னேரம் பி.பி.சி தமிழோசை கேக்க அயலட்டை முழுக்க அந்த விறாந்தைக்கு வரும். அம்மாதான் சின்ன வயசில பெடல் சுத்தினவ, கை நோக நோக.

அவரைப்போல எத்தனையோ பேர் அந்தப் பெட்டியைச் செய்திருப்பினம். ஒருத்தற்ற பேரும் எங்கயும் எழுதப்படேல்லை.

சண்டை முடிஞ்ச பிறகு, தொலைபேசி வேலை செய்யிற ஒரு இடத்துக்குத் தொழில்நுட்ப உதவியாளர் வேலை கேட்டுப் போனார். பெட்டியையும் கொண்டு போனவர். ஓ.எல் சான்றிதழ் இருக்கா எண்டு கேட்டவை. இல்லை. பெட்டியை ஒருத்தரும் திறந்து பார்க்கேல்லை. அதுக்குப் பிறகு அவர் அதைப்பற்றிக் கதைச்சதை நான் கேக்கேல்லை. போன வருசம் காலமானார்.

பால்ராஜையும் பெரியப்பாவையும் ஒரே தராசில வைக்கிறன் எண்டு நினைக்காதேங்கோ. ஒருத்தர் கணிதத்தின் ஆழத்தில நிண்டவர், மற்றவர் விறாந்தையில நிண்டவர். நான் பார்க்கிறது அவையைச் சுத்தி நிண்ட ஆக்களை. ஒருத்தருக்கு இந்திரேசன் இருந்தார். ஒழுங்குமுறைக்கு அப்பால ஆளை நிமிந்து பார்த்த ஒரு மனுசன். ஒரு மாணவனுக்காகக் கடற்படையோட மல்லுக்கட்டத் தயாராக இருந்த ஒரு பேராசிரியர். இந்தப் பெருமைச் செய்தியளில இந்திரேசன்ர பேர் ஒருநாளும் வாறதில்லை. 'தமிழன் மூளை' எண்டு சொல்லிப் பகிர்ந்தால் மூளை இரத்தத்தில வருது எண்டு அர்த்தம். அப்பிடியெண்டா நாங்கள் செய்யவேண்டியது ஒண்டும் இல்லை, பிள்ளையைப் பெத்துவிட்டால் போதும். எனக்கு இந்தப் பெருமையில பிடிக்காததே அந்தச் சோம்பல்தான்.

வள்ளத்தில சிக்னல் ஏன் வரேல்லை எண்டும் சொல்லவேணும். மைமோவுக்குச் சுவர் வேணும், கட்டிடம் வேணும், தெறிப்பு வேணும். வெட்டைக் கடலில டவரும் போனும் நேருக்கு நேர் பார்க்கும், அலை பெரும்பாலும் ஒரு வழியாலதான் வரும். பால்ராஜின் வித்தையின் பெரிய இலாபம் அங்க கிடைக்காது. அதோட டவரும் தூரம். டவர் எங்க நிக்கவேணும் எண்டதை ஆக்களின்ர தொகை தீர்மானிக்குது. சில ஆயிரம் பேர் உள்ள ஒரு தீவுக்காக அதுக்கு மேல யார் செலவழிப்பினம்? நெடுந்தீவில ஒரு பழைய புறாக்கூடு நிக்குது. ஒல்லாந்தர் புறா வளர்த்துச் சேதி அனுப்பினவை எண்டு சொல்லுவினம். கோட்டைக்குத் தேவையாக இருந்தபடியால அப்ப தீவுக்குத் தொடர்பு இருந்தது.

நெடுந்தீவில பெரியப்பாவின்ர மகள், எங்கட அக்கா, கலியாணம் செய்து இருக்கிறா. மருமகனுக்கு 17 வயது. பெரியப்பாவின்ர சோல்டரிங் அயன் இப்ப அவனிட்ட. பனையில ஏறிப் பழைய அன்ரனா ஒண்டைக் கட்டி, வீட்டுக்கு சிக்னல் பிடிச்சு வச்சிருக்கிறான். அக்கா பேசுறா: "ஏ.எல் வருது, ரியூசனுக்குப் போகாமல் மரத்தில நிக்கிறான், நீயாவது சொல்லு."

நான் அவனுக்குப் பால்ராஜின் கதையைச் சொன்னன், திருவிழா உதாரணத்தோட. கடலில ஏன் சரிவராது எண்டும் சொன்னன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டுக் கேட்டான்: "மாமா, வள்ளத்தில ஐம்பது பேர் இருக்கினம், ஐம்பது போன் இருக்கு. எல்லாத்தையும் சேர்த்து ஒரு பெரிய அன்ரனா மாதிரிப் பாவிச்சால்?"

போன்கள் ஒண்டோட ஒண்டு கூட்டுச் சேர்ந்து பல அன்ரனா போல நடந்துகொள்ளும் முறையைப் பல்கலைக்கழகங்களில பல வருசமாக ஆராய்ந்துகொண்டு இருக்கினம். அதை அவனுக்குச் சொன்னன். கண் விரிஞ்சது. அது எங்க படிக்கலாம், யாரிட்டக் கேக்கலாம் எண்டான். அக்கா குசினிக்குள்ள இருந்து, முதல் கணிதத்தில பாஸ் பண்ணச் சொல்லுங்கோ எண்டா.