முதல் தோசை கிழிந்தால் மாவைக் கொட்டுவதா?

கல் சரியாகச் சூடேறும் முன் ஊற்றிய முதல் தோசை கிழிந்துதான் வரும். இது எல்லா வீட்டிலும் நடப்பது. அதற்காக மாவைச் சாக்கடையில் கொட்டுவார்களா? மாட்டார்கள். இரண்டாவது தோசையை ஊற்றுவார்கள்.

வீடியோ கேம் வெளியிடும் பெரிய கம்பெனிகளோ மாவைக் கொட்டிவிடுகின்றன!

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் பெண்ட் என்று ஓர் ஊர். அங்கே பெண்ட் ஸ்டூடியோ இருக்கிறது. அது ஜப்பானின் சோனி கம்பெனிக்குச் சொந்தம். அந்த ஸ்டூடியோவினர் பல ஆண்டுகள் பாடுபட்டு ஓர் ஆட்டம் செய்தார்கள். அதன் பெயர் "டேஸ் கான்". 2019 ஏப்ரல் 26-இல் அது விற்பனைக்கு வந்தது.

கதை என்ன? கொள்ளைநோய் பரவுகிறது. மனிதர்கள் வெறிபிடித்த மிருகங்களாக மாறிவிடுகிறார்கள். டீக்கன் என்ற வாலிபன் மோட்டார் சைக்கிளில் காடும் மலையுமாகத் திரிகிறான். மனைவி சாரா செத்துவிட்டாள் என்று எண்ணி வாடுகிறான். உண்மையில் செத்தாளா? (அதை இங்கே சொன்னால், ஆடப் போகிறவர்கள் அடிக்க வருவார்கள்.)

இந்த ஆட்டத்தில் ஒரு காட்சியை எல்லோரும் புகழ்ந்தார்கள். நூற்றுக்கணக்கான வெறியர்கள் ஒரே கூட்டமாய், காட்டாற்று வெள்ளம்போல் மலைச்சரிவில் பாய்ந்து வருவார்கள். வண்டியில் பெட்ரோல் இல்லையென்றால் டீக்கன் தொலைந்தான்! ஆடுகிறவர்களுக்கு நெஞ்சு படபடக்கும்.

குறையும் இருந்தது. கதை சூடுபிடிக்க நெடுநேரம் ஆயிற்று. ஒரே மாதிரி வேலை திரும்பத் திரும்ப வந்தது. வெளியான புதிதில் ஆட்டம் அங்கங்கே சண்டித்தனம் செய்தது. விமர்சகர்கள் போட்ட மதிப்பெண்களின் சராசரி, 100-க்கு 71.

ஸ்டூடியோவினர் இரண்டாம் பாகம் செய்ய 2019-இலேயே அனுமதி கேட்டார்கள். "வேண்டாம்" என்று பதில் வந்தது. முதல் பாகம் லாபம் தந்தது என்றும், செய்து முடிக்க நெடுங்காலம் ஆனதாலும் விமர்சனம் கலவையாக இருந்ததாலும் இரண்டாம் பாகத்தைக் கைவிட்டார்கள் என்றும் 2021 ஏப்ரலில் புளூம்பெர்க் செய்தி வெளியிட்டது. ஆட்டத்தை இயக்கிய ஜெஃப் ராஸ் 2022-இல் ஒரு கணக்குச் சொன்னார். ஒன்றரை ஆண்டில் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதாம்!

80 லட்சம் விற்ற சரக்கை எந்தக் கடைக்காரர் வேண்டாம் என்பார்?

கம்பெனியின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 2023-இல் அமெரிக்காவில் நடந்த வழக்கு ஒன்றில் சோனி சில காகிதங்களைத் தாக்கல் செய்தது. ரகசியத் தொகைகளைக் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். மை சரியாக மறைக்கவில்லை! "தி லாஸ்ட் ஆஃப் அஸ்" இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர் செலவு என்ற ரகசியம் வெளியே வந்துவிட்டது. இவ்வளவு பணத்தை ஒரே ஆட்டத்தில் போடுகிறவர்களுக்கு 71 மதிப்பெண் பயம் தரத்தான் செய்யும்.

வாங்குகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. இந்த ஆட்டத்தின் கதையை எழுதிய ஜான் கார்வின், பிடித்த ஆட்டத்தை முழு விலை கொடுத்து வாங்குங்கள் என்று 2021-இல் சொல்லி ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பாதி விலைக்கு வரட்டும் என்று காத்திருந்து வாங்கியவர்கள்தான் பிறகு இரண்டாம் பாகம் எங்கே என்று கேட்கிறார்கள் என்பது அவர் வருத்தம். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் 60 டாலர் என்பது எல்லாக் குடும்பத்துக்கும் சுலபமான தொகையா?

கம்பெனி ஒன்றை மறந்துவிட்டது. முதல் பாகத்தில் செலவான பணத்தில் ஒரு பகுதி, பாடம் படித்ததற்கான சம்பளம். காடு தயார். வண்டி தயார். எங்கே தவறினோம் என்பதும் தெரிந்துவிட்டது. அந்தப் படிப்பு இரண்டாம் பாகத்தில்தான் பலன் தரும்.

"அசாசின்ஸ் கிரீட்" இதற்குச் சாட்சி. 2007-இல் யூபிசாஃப்ட் கம்பெனி அதை வெளியிட்டது. சிலுவைப் போர்க் காலத்து டமாஸ்கஸும் ஜெருசலேமும் கண்முன் எழுந்து நின்றன. ஆனால் ஒட்டுக் கேட்பது, ஜேப்படி செய்வது, அடித்து விசாரிப்பது என்று ஒரே வேலை மாற்றி மாற்றி வந்தது. ஆடியவர்கள் அலுத்துக்கொண்டார்கள். கம்பெனி கைவிடவில்லை. 2009-இல் இத்தாலியின் பிளாரன்ஸ், வெனிஸ் நகரங்களை வைத்து இரண்டாம் பாகம் வந்தது. முதல் பாகத்தின் குறைகள் பெரும்பாலும் நீங்கியிருந்தன. மதிப்பெண் 80-ஐ ஒட்டி இருந்தது, 90-ஐத் தொட்டது. 2025-இலும் அந்த வரிசையில் புதிய ஆட்டம் வந்தது.

71 வேறு, 80 வேறு என்று சோனி சொல்லலாம். சரி, ஆபத்து வேண்டாம் என்று ஒதுங்கியதால் பணம் மிஞ்சியதா? பெண்ட் ஸ்டூடியோவினர் பிறகு வேறொரு புதிய ஆட்டத்தில் இறங்கினார்கள். பலர் இணையத்தில் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் ஆடிக்கொண்டே இருக்கும் வகை அது. 2025 ஜனவரியில் சோனி அதைப் பாதியில் நிறுத்தியது. அதே ஆண்டு ஜூனில் ஸ்டூடியோவில் பலருக்கு வேலை போயிற்று.

இடையில், 2025 ஏப்ரலில், சோனி ஓர் ஆட்டத்தை மெருகேற்றி மறுபடியும் கடைக்கு அனுப்பியது. அதில் ஒரு புதிய பகுதியும் சேர்த்திருந்தார்கள். நூற்றுக்கணக்கான வெறியர்கள் வெள்ளம்போல் பாய்ந்து வரும் அதே காட்சியை வைத்துச் செய்த பகுதி அது. ஆட்டம், பழைய "டேஸ் கான்"தான்!