ஸ்ட்ராண்டட்: பாதி வழியில் நின்றுபோனால் சொல்ல ஒரு வார்த்தை

2023 டிசம்பர் 17 இரவு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனோடு நிறுத்தப்பட்டது. செய்துங்கநல்லூர் போகும் வழியில் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. ரயிலில் சுமார் 800 பேர். அவர்களைப் பற்றி ஆங்கிலச் செய்திகளில் அடிக்கடி வந்த வார்த்தை, ஸ்ட்ராண்டட்.

இதன் வேர்ச்சொல்லான 'ஸ்ட்ராண்ட்' என்பதற்குக் கரை என்று அர்த்தம். கொல்கத்தாவில் ஹூக்ளி நதியோரம் போகும் ஸ்ட்ராண்ட் ரோடு ஞாபகம் வருகிறதா? அதே கரைதான். கப்பல் தரைதட்டி, திரும்பக் கடலுக்குள் போக முடியாமல் நின்றால் அது ஸ்ட்ராண்டட். 2016 ஜனவரியில் நம்ம மணப்பாடு பக்கம் 80-க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கரை ஒதுங்கினவே, அவையும் ஸ்ட்ராண்டட்தான். மனிதர்களுக்குச் சொல்லும்போது, 'மேலே போகவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை' என்று பொருள்.

இதை மற்ற வார்த்தைகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வண்ணார்பேட்டை டிராஃபிக்கில் பத்து நிமிஷம் நின்றால் 'ஸ்டக்' போதும். இடிபாட்டுக்குள் சிக்கிக்கொண்டால் 'டிராப்ட்'. யாரும் கவனிக்காமல் கைவிட்டுவிட்டால் 'அபாண்டன்ட்'. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றவர்கள் ஸ்ட்ராண்டட். ஆனால் அபாண்டன்ட் இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டைச் சுற்றியும் வெள்ளம் நிற்கும்போதே அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் வந்தது. 19-ம் தேதி மீட்கப்பட்டு, மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்குப் போனார்கள்.

பேச்சில் எப்படிப் பயன்படுத்துவது?

'மை பஸ் புரோக் டவுன். ஐ ஆம் ஸ்ட்ராண்டட் அட் கருங்குளம்.' (பஸ் ரிப்பேர். கருங்குளத்தில் போக வழியில்லாமல் நிற்கிறேன்.)

'தி ஃபிளட் லெஃப்ட் அஸ் ஸ்ட்ராண்டட்.' (வெள்ளத்தால் எங்கும் நகர முடியாமல் ஆகிவிட்டது.)

வெளியூரில், தமிழ் தெரியாதவரிடம் உதவி கேட்கும்போது இந்த ஒரு சொல்லே நிலைமையைப் புரியவைத்துவிடும். கூடவே இடம், எத்தனை பேர், அவசரத் தேவை என்ன என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 'வீ ஆர் ஸ்ட்ராண்டட் நியர் தி ஸ்டேஷன். ஃபோர் அடல்ட்ஸ், டூ சில்ட்ரன். நோ டிரிங்கிங் வாட்டர்.'

நம்ம ஊரிலேயே என்றால் 112-க்கு அடித்துத் தமிழிலேயே சொல்லலாம். வீட்டுப் பிள்ளைகளிடம் வார்த்தையோடு அந்த நம்பரையும் சொல்லி வையுங்கள்.