கடவுச்சொல் யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவில் பழைய பொருள் விற்கும் கடைகளில் இணையத் தொலைபேசி அடாப்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது அவற்றுக்குள் இருக்கும் பூட்டுதான். சாதாரண டெலிபோனில் பேசும் குரலைத் தரவுத் துண்டுகளாக்கி இணையத்தில் அனுப்புவதே அவற்றின் வேலை. பெரும்பாலானவை எஸ்ஐபி என்ற பொது நெறிமுறையில் இயங்குபவை. கணக்கு விவரங்களை மாற்றினால் வேறு சேவையிலும் வேலை செய்ய வேண்டியவை. ஆனால், வோனேஜ் என்ற இணையத் தொலைபேசிச் சேவைக்கென விற்கப்பட்ட லிங்க்சிஸ் பிஏபி2 அடாப்டர் பூட்டியே வந்தது. அதன் 'என்ஏ' வகை எந்தச் சேவைக்கும் திறந்திருந்தது. அந்த விவரங்களை மாற்றத் தேவையான நிர்வாகக் கடவுச்சொல் யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. சலுகை விலையில் கருவியைத் தந்த நிறுவனம் ஒப்பந்தக் காலம்வரை பூட்டி வைப்பதில் நியாயம் உண்டு. அதன் பிறகும் பூட்டி வைப்பதில் என்ன நியாயம்? 2007 ஜூலையில் சன்ராக்கெட் என்ற இணையத் தொலைபேசி நிறுவனம் திடீரென மூடப்பட்டபோது 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தவித்தார்கள். பழுதானது கருவியல்ல, நிறுவனம். நல்ல கருவியைக் குப்பையாக்கும் உரிமை எந்த நிறுவனத்துக்கும் கிடையாது. ஒப்பந்தம் முடிந்ததும் பூட்டைத் திறந்துவிடுவதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, பழைய அடாப்டர் வாங்குவோர் பூட்டு நீங்கியதா என்று கேட்டு வாங்குங்கள். புதிய சேவையில் 911 அவசர அழைப்புக்கான வீட்டு முகவரியையும் மறக்காமல் பதிந்துவிடுங்கள்.